வேகும் நேரம்

"வந்துடுச்சு!" என்றான் அவன், பல் துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே.

அடுப்பில் பால் பொங்குவதற்காக நின்றிருந்த மனைவி, யாரோ வந்துவிட்டார்கள் என்று வாசலைப் பார்த்தாள். அவன் கைப்பேசியை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். கணினியின் மூளையான புதிய பிராசஸர். ஒரு வருடமாக வதந்தியாக இருந்தது, கடைசியில் விற்பனைக்கே வந்துவிட்டது. இவர்களிடம் இருப்பதைவிட இரண்டு மடங்கு கோர்கள்.

"பேஸ்ட் வழியுது, துடை" என்றாள்.

துடைத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். கோர் என்பது ஓர் ஆள் மாதிரி. பழைய பிராசஸரில் பதினாறு பேர் வேலை பார்க்கிறார்கள், இதில் முப்பத்திரண்டு பேர். ஒரே சங்கடம், புதியதன் அடிப்பக்கம் வேறு வடிவம், அதைத் தாங்கும் பலகையான பழைய மதர்போர்டில் உட்காராது. அதனால் மதர்போர்டை மாற்ற வேண்டும். மதர்போர்டு மாறினால் மெமரி மாற வேண்டும். அத்தனைக்கும் சூடு அதிகம் என்பதால் விசிறியும்.

"அப்போ டப்பா மட்டும் பழசு."

"டப்பா நல்ல டப்பா."

"பாக்கலாம்" என்றாள் அவள். அவள் அகராதியில் 'பாக்கலாம்' என்றால் வேண்டாம் என்று பொருள். காரணம் கேட்டால் சொல்லமாட்டாள் என்பதும் அதில் அடக்கம்.

இன்னும் கட்டப்படாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோலப் படமாக்கித் தருவது இருவரின் தொழில். சுவர், படிக்கட்டு, கதவு எல்லாம் அவன் வேலை. வெளிச்சம் அவள் வேலை. வெயில் எந்த ஜன்னல் வழியாக வந்து தரையில் எவ்வளவு தூரம் நீள வேண்டும், கூடத்தில் விளக்கு எரியும்போது மூலையில் எவ்வளவு இருட்டு மிஞ்ச வேண்டும் என்பதையெல்லாம் அவள்தான் முடிவு செய்வாள். அவனுக்கு ஓர் அறை, அவளுக்கு ஓர் அறை. இருவரும் முடித்த வேலையை நடுக்கூடத்தில் இருக்கும் பெரிய கணினிக்கு அனுப்புவார்கள். படத்தைச் செய்து முடிப்பது அது.

எப்படிச் செய்கிறது என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் அவனுக்கு உற்சாகம் தாங்காது. உண்மையில் ஒளி சூரியனில் கிளம்பிச் சுவரில் பட்டு நம் கண்ணுக்கு வருகிறது. ஆனால் கிளம்பும் ஒளியில் பெரும்பகுதி நம் கண்ணுக்கு வருவதே இல்லை. அதையெல்லாம் கணக்குப் போடுவது வீண் வேலை. அதனால் கணினி தலைகீழாகப் போகிறது. கண்ணிலிருந்து ஒரு கதிரை அனுப்பி விசாரிக்கிறது. எங்கே முட்டினாய்? சுவரில். அங்கே வெளிச்சம் எங்கிருந்து வந்தது? கூரையிலிருந்து. கூரைக்கு? ஜன்னலிலிருந்து. இப்படி விளக்கையோ சூரியனையோ எட்டும்வரை. வழி தெரியாத ஊரில் ஒருவரிடம் மட்டும் வழி கேட்டால் ஏமாந்துபோவோம், பல பேரிடம் கேட்டால் சரியான பக்கம் தெரியும் அல்லவா? அதுபோல ஒவ்வொரு புள்ளிக்கும் பல கதிர்களை அனுப்பிச் சராசரி எடுக்கிறது. கொஞ்சமாகக் கேட்டால் படம் மணல் தூவியதுபோலச் சொரசொரப்பாக இருக்கும். நிறையக் கேட்டால் வழவழப்பாகும். எத்தனை முறை கேட்பது என்பதற்குத்தான் சாம்பிள் என்று பெயர்.

இதற்கு உலகம் வைத்த பெயர் ரெண்டர். இந்த வீட்டில் அதற்கு 'வேகுது' என்று பெயர். அந்தப் பெயர் வந்தது இருவரும் சம்பளத்துக்கு வேலை பார்த்த பழைய அலுவலகத்தில். அங்கே அவள் மூத்தவள், அவன் புதிதாகச் சேர்ந்தவன், "மேடம்" என்றுதான் கூப்பிடுவான். ஒருநாள் முதலாளி கதவைத் திறந்து "படம் என்னம்மா ஆச்சு?" என்று கத்த, அவள் திரும்பாமலே "வேகுது சார்" என்றாள். முதலாளி "சரி, தீயாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தக் கணினி 'அடுப்பு' ஆனது. வீட்டில் இருப்பதும் அடுப்புதான்.

அந்தப் பழைய அடுப்புக்கு ஒரே ஒரு கோர். திரையில் ஒரு சின்னச் சதுரம் இடமிருந்து வலமாக ஊர்ந்து, கரும்பலகையைத் துடைப்பதுபோலப் படத்தை மேலிருந்து கீழாகத் திறந்துகொண்டு வரும். முதலில் வானம் வரும். வானத்தில் முட்ட எதுவும் இல்லை, சட்டென்று முடிந்துவிடும். சுவரில் சதுரம் நிதானமாகும். கண்ணாடி வந்ததும் அப்படியே நின்றுவிடும். கண்ணாடியில் கொஞ்சம் ஒளி உள்ளே போகும், கொஞ்சம் திரும்பும், இரண்டையும் துரத்தியாக வேண்டும். ஒரு வீட்டு முகப்பு வேக ஒரு மதியம் முழுக்க ஆகும். அடுப்பு வேறு எதையும் செய்யவிடாது. இருவரும் மாடிப்படியில் போய் உட்காருவார்கள். அவள் தன் அக்காவோடு போட்ட சண்டைகளைச் சொல்வாள். அவன் மிதிவண்டிச் சங்கிலி ஏன் கழலுகிறது என்று விளக்குவான். யாராவது ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து "இன்னும் முதல் மாடிதான்" என்பார்கள். கல்யாணப் பேச்சு வந்தது ஒரு வங்கிக் கட்டடம் வெந்துகொண்டிருந்தபோது. வானம் முடிந்தபோது ஆரம்பித்து, வாசல்படி வந்தபோது முடிவாகிவிட்டது.

அந்த நாட்களில் அவன் வரைந்த வீடுகளில் கண்ணாடி சற்று அதிகம்.

பிறகு இரண்டு கோர் வந்தது, திரையில் இரண்டு சதுரங்கள். நான்கு வந்தது, எட்டு வந்தது. சொந்தத் தொழில், சொந்த வீடு. ஒரு கூடத்தில் எதிரெதிரே இருந்த மேசைகள், வேலை கூடியதும் தனித்தனி அறைகளுக்குப் போயின. இப்போது அவள் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தால் கதவைத் தட்டினாலும் கேட்காது.

அவன் கடையின் பக்கத்தைத் திறந்து, வேண்டியதையெல்லாம் கூடையில் போட்டுவைத்திருந்தபோது 'இப்பவே' அழைத்தார். கட்டடக்காரர், எதைக் கேட்டாலும் இப்பவே வேண்டும் என்பார், அதனால் அந்தப் பெயர்.

"தம்பி, அந்தப் படத்துல சூரியனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வைங்க. சாயங்காலம் வீடு வாங்குற பார்ட்டிக்குக் காட்டணும்."

"சூரியனைத் தள்ளினா முழுப்படமும் மறுபடி வேகணும் சார். ராத்திரி ஆயிடும்."

"வேகணுமா? என்ன தம்பி, சோறா ஆக்குறீங்க? இன்னொருத்தர் புது மெஷின் வாங்கியிருக்காராம், மதியத்துக்குள்ள தர்றேங்கறார். முடியலன்னா சொல்லிடுங்க, அடுத்து வர்ற அடுக்குமாடி வேலையையும் அவர்கிட்டயே கொடுத்துடறேன்."

அடுக்குமாடி வேலை போனால் இந்த வருடமே போனமாதிரி. "மதியத்துக்குள்ள" என்று சொல்லிவிட்டு அவன் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தான். எங்கே நேரம் போகிறது என்று பார்த்துவிட்டால், அதைக் காட்டியே அவளைப் புதிய பிராசஸருக்குச் சம்மதிக்க வைத்துவிடலாம். படத்தைத் திறந்து ஒவ்வொரு அமைப்பாக இறங்கினான். சாம்பிள் எண்ணில் வந்து நின்றான்.

இருக்க வேண்டியதைப்போல நான்கு மடங்கு இருந்தது.

தவறி ஒரு சுழியம் விழுந்ததுபோல இல்லை. அதற்கு முந்தைய வீட்டைத் திறந்தான். அதிலும் நான்கு மடங்கு. அதற்கு முந்தையதில் மூன்று. நான்கு மடங்கு கேட்டால் சொரசொரப்பு பாதியாகும், ஆனால் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு பாதியானால் யாருக்குத் தெரியப்போகிறது? வெளிச்சத்தையே வேலையாகக் கொண்ட அவளுக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

அவள் அறைக்குப் போய் ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கினான். "மேடம், அடுப்புல ஏன் இவ்வளவு விறகு?"

அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். "கண்டுபிடிச்சுட்டியா?"

"எதுக்கு?"

"நீ மட்டும் எதுக்கு அந்த வங்கிக் கட்டடத்துல கழிவறைக்குக்கூட கண்ணாடிக் கதவு வச்சே? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டு கோர் வாங்கினப்ப என்ன சொன்னே? நேரம் மிச்சமாகும்னே. நாலு வாங்கினப்பவும் அதையேதான் சொன்னே. பதினாறுக்கும் சொன்னே. மிச்சமான நேரம் எங்க இருக்கு? எடுத்துக் காட்டு, பாக்கலாம்."

அவன் கணக்குப் பார்த்தான். மிச்சமான நேரத்தில் இன்னொரு வீடு எடுத்தார்கள். அதில் மிச்சமானதில் இன்னொன்று.

"வெந்துட்டிருந்தாத்தான் நீ எந்திரிச்சு வெளிய வர்றே" என்றாள். "வந்து டீ குடிக்கிறே. ஏதாவது ஒண்ணு எப்படி ஓடுதுன்னு சொல்றே. போன வாரம் லிஃப்டைப் பத்திச் சொன்னே. நல்லா இருந்துச்சு. இனி முப்பத்திரண்டு பேர் வந்துட்டா, டீ ஆறதுக்குள்ள வெந்துடும்."

அவன் மின்தூக்கியைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. எதிர்ப்பக்கம் தொங்கும் எடையைப் பற்றி. அவள் கேட்டுக்கொண்டிருந்ததாக அன்றைக்கு அவன் நினைக்கவில்லை.

அவளே எழுந்து கூடத்துக்கு வந்தாள். சூரியனை 'இப்பவே' கேட்ட பக்கம் நகர்த்தினாள். சாம்பிள் எண்ணை அழித்து, சரியான எண்ணைப் போட்டாள். பதினாறு சதுரங்களும் திரையெங்கும் குதித்துக் குதித்துத் திறந்தன. படம் மளமளவென்று முடிந்தது. மதியத்துக்கு முன்பே அனுப்பியாகிவிட்டது.

உடனே பதில் வந்தது. 'சூப்பர் தம்பி. புது மெஷினா? அடுக்குமாடி உங்களுக்குத்தான். ஆனா ரெண்டு கட்டடம் இல்ல, நாலு. இந்த வேகத்துல முடியும்ல? இப்பவே சொல்லுங்க.'

அவன் அதை அவளிடம் காட்டினான். நான்கு கட்டடம் என்றால் எண்ணைக் குறைத்து மட்டும் சமாளிக்க முடியாது. கடையின் பக்கம் இன்னொரு திரையில் கூடையோடு திறந்தே கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"உன் இஷ்டம்" என்றாள்.

"நம்ம இஷ்டம்னு சொல்லு."

"அந்த 'நம்ம' வர்றதுக்கு நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவனும் போனான். உள்ளே அடுப்பின் விசிறி அடங்கியிருந்தது. எதுவும் வேகாதபோது எப்படி உட்காருவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவன் கைகளை முழங்காலில் வைத்தான், எடுத்தான். ஏதாவது ஒன்றை விளக்கலாம் என்று தேடினான், ஒன்றும் அகப்படவில்லை.

பக்கவாட்டில் அவளைப் பார்த்தான். அவள் தலையின் குறுக்கே, ஹெட்போன் பட்டை அழுத்திய இடத்தில், முடி ஒரு பள்ளமாகப் படிந்திருந்தது. எத்தனை வருடமாக அது அங்கே இருக்கிறதோ. கீழேயிருந்து காற்று ஏறி வந்தது. பள்ளத்தின் ஓரத்தில் ஒரு முடி எழுந்தது, பிறகு பக்கத்தில் இன்னொன்று. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.