முதல் பக்கத்தில் சிவஞானம்

உண்மையாக எழுதிய ஒரு பக்கத்தை உலகத்தின் எந்தத் தேடுபொறியாலும் ஒளித்து வைக்க முடியாது. 2005 ஆவணியில், மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் என் வகுப்புத் தோழன் சித்தார்த்தன் நின்றபடி இதை அறிவித்தான். உட்கார்ந்தே சொல்லியிருப்பான். நாற்காலி உடைந்திருந்தது.

அவன் அக்கா அமராவதியின் உப்பு வரப்பின்மேல் கீற்று போர்த்திக் கிடந்தது. ஐப்பசி மழைக்குள் விற்றாக வேண்டும். வாங்க வருகிற ஒரே ஆள் புரோக்கர் சிவஞானம். அவர் சொல்வதுதான் விலை. உப்பு வாங்குகிற ஐஸ் கம்பெனிக்காரர்கள் நேராக அக்காவிடமே வரட்டும் என்றுதான் சித்தார்த்தன் இணையத்தில் ஒரு பக்கம் போட்டிருந்தான். போட்டு இரண்டு மாதம். ஈகூட எட்டிப் பார்க்கவில்லை.

மரக்காணம் உப்பைத் தேடினால் முதலில் வந்தது சிவஞானத்தின் பக்கம். செருப்பு கெட்டுவிடும் என்று உப்பளத்தில் இறங்காமல் ரோட்டிலேயே நின்று பேரம் பேசுகிற மனிதர். 'எங்கள் உப்புக் குவியல்' என்று அவர் போட்டிருந்த படத்தின் ஓரத்தில் ஒருவன் பனிச்சறுக்கு விளையாடிக்கொண்டிருந்தான்.

பக்கத்தின் அடியில் வெறுமையாகக் கிடந்த இடத்தில் மவுஸை அழுத்தி இழுத்தேன். ஒளிந்திருந்த எழுத்தெல்லாம் எழுந்து நின்றது: சால்ட், பெஸ்ட் சால்ட், சீப் சால்ட், மரக்காணம் சால்ட், மறுபடி சால்ட்.

"வெள்ளைத் தாள்ல வெள்ளை எழுத்து!" சித்தார்த்தன் கத்தியதில் பக்கத்து மேசையில் ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தவர் தான் ஃபெயில் என்றே நினைத்துவிட்டார். "மனுசனுக்குத் தெரியாம மெசினுக்கு மட்டும் ஓதுறான்! இதெல்லாம் ஒரு எழுத்தாடா? த்தூ! பட்டினி கெடந்தாலும் இந்த ஈனப் பொழப்பு பொழைக்க மாட்டேன்டா!"

"சரிடா, உன் பக்கத்துல சால்ட் எங்க இருக்குது?" என்றேன்.

தேடினோம். ஒரு இடத்திலும் இல்லை. 'எங்கள் சரக்கு கோடையில் விளைகிறது, எங்கள் சரக்கு வெள்ளையானது' என்று அழகான ஆங்கிலத்தில் இருந்தது. படித்தால் முயல் வியாபாரம் என்று தோன்றும்.

"அக்கா சொன்னத அப்படியே எழுதினேன்டா."

பின்னால் நின்ற அமராவதிக்குக் கோபம் வந்துவிட்டது. "பாத்தியில நின்னுக்கிட்டு எவன்டா உப்பு உப்புன்னு பேசுவான்? சரக்குன்னுதான் சொல்லுவோம். அது உப்புன்னு அந்த மெசினுக்குத் தெரியாதா? அப்புறம் என்னத்த தேடுது?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல அங்கே யாருக்கும் படிப்பு போதவில்லை.

சித்தார்த்தன் சரக்குக்கு 'குட்ஸ்' என்று போட்டிருந்த இடத்திலெல்லாம் நேர்மையாக 'சால்ட்' என்று மாற்றினான். இரண்டு வாரம் கழித்து மறுபடி போய்த் தேடினோம். நாலாம் பக்கத்துக்கு வந்திருந்தோம்.

"முன்னேற்றம்தான்," என்றான்.

"நாலாம் பக்கம் வரைக்கும் எவன்டா வருவான்?" என்றாள் அமராவதி.

அப்போது வெளியே ஸ்கூட்டரை நிறுத்தி, சிவஞானம் உள்ளே தலையை நீட்டினார்.

"ஏம்மா அமராவதி, கம்ப்யூட்டர்ல மூட்டை எறங்குதா? வானத்தப் பாத்தியா, கருக்கல் கட்டுது. சொல்ற வெலைக்குத் தள்ளிடு. இல்லன்னா கடல்ல எடுத்தத கடலுக்கே குடுத்துடுவ." என்னையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

அமராவதி வாசல் வழியாக வானத்தைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

சித்தார்த்தன் அந்த உடைந்த நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். கீபோர்டை இழுத்தான். பக்கத்தின் அடிக்குப் போய், எழுத்தின் நிறம் கேட்ட இடத்தில் வெள்ளையைத் தேர்ந்தெடுத்தான். விரல்கள் ஓடத் தொடங்கின.

"என்னடா அடிக்கிற? ஒண்ணுமே தெரியலயே?" என்றாள் அமராவதி.

"தெரியாதுக்கா," என்றான், நிமிராமல்.