இரைச்சல் நீக்கிக்கு நான்கு மதிப்பெண்

எங்கள் கல்லூரியில் குறும்படம் எடுத்து முடித்தவர்கள், அதற்குப் பயன்படுத்திய மென்பொருள்களை நேரில் வரவழைத்து மதிப்பெண் போட வேண்டும். மதிப்பீட்டு நாளன்று காலையிலேயே அவை வந்து காட்சித் தொடர்பியல் துறையின் வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வெளியூரிலிருந்து வருபவை சாப்பாடு கட்டிக்கொண்டு வரும்.

பத்துக்கு ஐந்துக்குக் கீழே வாங்கினால், அந்த மென்பொருள் தான் செய்த வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடும். எட்டுக்கு மேல் வாங்கினால் துறையிலேயே சேர்ந்துவிடும். அப்படிச் சேர்ந்த நிறம் திருத்தும் மென்பொருள் ஒன்று இப்போது முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறது. எல்லா உதவித்தொகையும் அதற்குத்தான் போகிறது. அதனால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஏழு போடுவார்கள். ஏழு போட்டால் யாருக்கும் எந்த வம்பும் இல்லை.

இந்த வருடம் என்னால் ஏழு போட முடியாது. என் அப்பாவின் குரல் இரைச்சல் நீக்கியிடம் இருந்தது.

அப்பா பெயர் சண்முகையா. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்ஸுக்கு ஊர்ப் பெயரைச் சொல்லி ஆள் கூப்பிட்டு ஏற்றிவிடுவது அவர் வேலை. "கழுகுமலை, சங்கரன்கோவில்! கழுகுமலை, சங்கரன்கோவில்!" என்று அவர் ஆரம்பித்தால் எதிர் வரிசையில் எட்டயபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர்கள்கூட ஒரு தரம் எழுந்து பார்ப்பார்கள். சாயங்காலம் நான் கல்லூரிப் பஸ்ஸிலிருந்து இறங்குவதைக் கண்டுவிட்டால், கடைசி ஊராக என் பெயரையும் சேர்த்துக்கொள்வார். "கழுகுமலை, சங்கரன்கோவில், செண்பகவல்லி!" என் கூட இறங்கும் ஜெபக்கனி அங்கேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். எனக்கு மானம் போகும். அப்பாவுக்கு அது வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம்.

நானும் ஜெபக்கனியும் எடுத்த படம் பஸ் ஸ்டாண்டின் பெண்கள் கழிப்பறையைப் பற்றியது. அது பூட்டியே கிடக்கிறது. அதன் வாசலில் நின்று மைக்கைப் பிடித்து நான் பேச வேண்டும். பேசினேன். போட்டுக் கேட்டபோது என் பேச்சைக் காணோம், பஸ் ஸ்டாண்டுதான் இருந்தது. ஜெபக்கனி இணையத்திலிருந்து இரைச்சல் நீக்கியைக் கூப்பிட்டாள். எந்தக் குரலை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அது கேட்டது. என் குரலைக் காட்டினோம். மற்றதில் எவ்வளவு எடுக்க என்று கேட்டது. பாதி எடுத்தால் போதும் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நாங்கள் முழுவதும் எடுக்கச் சொன்னோம். பரீட்சைக்காக எடுக்கிற படம், கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்தோம்.

அன்று மதியம் அப்பா "கழுகு" வரைக்கும் சொன்னாராம். "மலை" வரவில்லை. கழுகு என்ற ஊருக்குப் போக யாரும் இல்லாததால் பஸ் காலியாகக் கிளம்பியது.

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தால் சுத்தமான அமைதி வந்தது. கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்த டம்ளர் மாதிரி இருந்தது அது. அப்பா வழக்கம்போல வேலைக்குப் போய் பஸ் பக்கத்தில் நின்று கையை ஆட்டினார். ஜனங்கள் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு வேறு பஸ்ஸில் ஏறினார்கள். முதலாளி நல்ல மனுஷர். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம் அண்ணாச்சி. அதுக்கு மேல நான் வேற ஆளத்தான் போடணும்" என்று சொல்லிவிட்டார்.

அம்மா சோறு போடும்போது சொன்னாள். "இத்தன வருசமா இந்த மனுசன் எப்ப வாய மூடுவாருன்னு கெடந்தேன். இப்ப வீடே வெறிச்சுன்னு இருக்கு. ஒனக்கு மார்க்கு போடுத அதிகாரம் இருக்குல்லா? போய் வாங்கிட்டு வா."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அது என்னவாக இருக்கும் என்று நினைத்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

மதிப்பீடு வியாழக்கிழமை.

வராந்தாவில் கூட்டமாக இருந்தது. எங்கள் படத்தைத் தொகுத்தது ஒரு இலவசப் பதிப்பு. அது தன் பெயரை முகத்தின் குறுக்கே பெரிதாக எழுதிக்கொண்டு வந்திருந்ததால், சுவரில் முட்டிக்கொண்டே நடந்தது. கருத்துக்கணிப்புக்குப் பயன்படுத்திய இணையப் படிவம் வாசலை மறித்து நின்று, வயதைச் சொல்லாமல் யாரையும் உள்ளே விடவில்லை. துறைத் தலைவர் அமலநாதன் சாரும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். கோப்புகளைச் சேமித்து வைத்த தளம் தலையில் மூட்டையும் இரண்டு கையிலும் பைகளுமாக நின்றது. உட்காரச் சொன்னதற்கு, இடம் இல்லை என்றது. பெஞ்ச் பாதி காலியாகத்தான் இருந்தது.

இரைச்சல் நீக்கி கடைசியில் உட்கார்ந்திருந்தது. கசங்காத வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு ரெக்சின் பை. அதன் பக்கத்தில் மட்டும் மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றது. அவ்வளவு மரியாதையான ஒன்றை எப்படி ஃபெயிலாக்குவது என்று யோசித்துக்கொண்டே நானும் வணக்கம் சொன்னேன்.

ஜெபக்கனி என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் படத்தைச் சென்னையில் நடக்கும் ஒரு போட்டிக்கு அனுப்புவதாக சார் சொல்லியிருந்தார். அவள் அதற்குப் புதுச் சுடிதாரே தைத்துவிட்டாள்.

"ஏட்டி செம்பா, நாலு கீலு போட்டு வச்சிராத. அது எடுத்ததெல்லாம் திரும்ப வந்துரும். ஒஞ் சத்தம் ஒரு மண்ணும் கேக்காது. படம் போச்சு, பரிசும் போச்சு."

"எங்கப்பாவுக்கு நாளையோட வேல போயிரும்ட்டி."

"எங்கப்பாவும் ஊமதான், பொறந்ததுலேருந்து. கையச் சாட காட்டியே கடையில வேல பாக்கலையா?" என்றாள். பிறகு, தான் சொன்னது தனக்கே பிடிக்காதவள் மாதிரி, "நீ என்னத்தையும் செய்யி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நானும் உள்ளே போய் சார் பக்கத்தில் உட்கார்ந்து மற்ற எல்லாவற்றுக்கும் ஏழு சொன்னேன், சார் எழுதிக்கொண்டார். இலவசப் பதிப்பு எனக்குக் கைகொடுத்துவிட்டுக் கதவென்று நினைத்து அலமாரிக்குள் போனது. கடைசியாக இரைச்சல் நீக்கி வந்து என் எதிரே உட்கார்ந்தது. நாற்காலி கிறீச்சிடவில்லை. சார் பேனாவின் மூடியைத் திறந்தார், அந்தச் சத்தமும் வரவில்லை.

"ஏழுதானே?" என்றார் சார், எழுதிக்கொண்டே.

"நாலு சார்."

சார் பேனாவை நிறுத்தினார். இரைச்சல் நீக்கி பையை இன்னும் கொஞ்சம் மடியோடு சேர்த்துக்கொண்டது.

"ஃபெயில் போடணும்னா தப்பைக் காட்டணும்மா. சும்மா போட்டா நாளைக்கு எந்த மென்பொருளும் நம்ம காலேஜுக்கு வராது."

"நீங்கள் கேட்டதைத்தான் செய்தேன்" என்றது இரைச்சல் நீக்கி. அதன் பேச்சில் மூச்சு இல்லை, இழுவை இல்லை. "முழுவதும் எடுக்கச் சொன்னீர்கள். முழுவதும் எடுத்தேன். ஒரே ஒரு குரலை வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். அதை நான் இன்றுவரை தொட்டதில்லை. இனியும் தொட மாட்டேன்."

அது சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

சார் படத்தைப் போடச் சொன்னார். திரையில் நான் பூட்டிய கழிப்பறை வாசலில் நின்று பேசினேன். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. பஸ்கள் சத்தமில்லாமல் வந்தன, சத்தமில்லாமல் போயின. என் தோளுக்குப் பின்னால் அப்பா பஸ்ஸின் படியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"ரொம்ப நல்லா இருக்கே. இதுல தப்பு எங்க இருக்கு?" என்றார் சார்.

"பின்னால பாருங்க சார்."

"பார்த்தேன். ஒருத்தர் கொட்டாவி விடுறார்."

"அது எங்கப்பா சார்."

"ராத்திரி தூக்கம் பத்தலையோ?" என்று அக்கறையாகக் கேட்டார். "கொட்டாவியை எல்லாம் தப்புக் கணக்கில் சேர்க்க முடியாதும்மா."

இருக்கிறதைத் தப்பென்று காட்டலாம். இல்லாமல் போனதை எந்த இடத்தில் நிறுத்திக் காட்டுவது? சார் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே அடுத்த குழுவின் மென்பொருள்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிற வாசனை வந்தது. பேனா மறுபடி தாளுக்குப் போனது. அது ஏழின் முதல் கோட்டைப் போட்டுவிட்டது.

படத்தைத் திரும்ப முதலிலிருந்து போட்டேன். அப்பா வாயைத் திறக்கும் இடம் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தம், எந்த இடத்தில் இழுப்பார், எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பது எனக்கு மனப்பாடம். திரையில் அவர் வாய் திறந்ததும் நான் கத்தினேன்.

"கழுகுமலை, சங்கரன்கோவில்!"

துறைத் தலைவர் எதிரில் யாரும் அப்படிக் கத்தியதில்லை. அந்தச் சத்தத்தை எடுக்க இரைச்சல் நீக்கியின் கை தானாக உயர்ந்தது. பிறகு இது வைத்துக்கொள்ளச் சொன்ன குரல் என்பது நினைவுக்கு வந்து கையை இறக்கிக்கொண்டது. நான் நிறுத்தவில்லை. அப்பாவின் வாய்க்கு வாய் சரியாகக் கத்தினேன். மைக்கில் பேசும் என் குரலும் கத்தும் என் குரலும் அறை முழுக்க மோதின.

"கழுகுமலை, சங்கரன்கோவில்! கழுகுமலை, சங்கரன்கோவில்!"

மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"செண்பகவல்லி!" என்றது பை.

சார் பேனாவை வைத்துவிட்டார். இரைச்சல் நீக்கி பையின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தியது. உள்ளே ஏதோ முண்டியது. முதல்முறையாக அதன் நாற்காலி கிறீச்சிட்டது.

"உம் பேருதானேம்மா இது?" என்றார் சார்.

"ஆமா சார்."

"பேர் சொல்லிக் கூப்பிட்டதை இரைச்சல்னு எடுத்திருக்கு. இது தப்புதான்" என்றார். போட்ட கோட்டை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினார்.

இரைச்சல் நீக்கி பையின் ஜிப்பைத் திறந்தது. ஹார்ன் சத்தங்கள் முதலில் வந்தன. பிறகு டீக்கடைக் கிளாஸ்கள், வேர்க்கடலைக்காரர், விசில், ஒரு குழந்தையின் அழுகை, சில்லறைக்குச் சண்டை போடும் இரண்டு பேர். எல்லாவற்றுக்கும் பின்னால் அப்பாவின் குரல், கூட்டத்தில் செருப்பைத் தேடுகிறவர் மாதிரி தயங்கித் தயங்கி வந்தது. அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஜன்னல் வழியாகப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனது.

திரையில் நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஜெபக்கனி கடைசி பெஞ்சில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போய் நின்றேன். "அந்தச் சுடிதார எங்க மாமா கல்யாணத்துக்குப் போட்டுக்கிடுதேன், போ" என்றாள், நிமிராமலே.

இரைச்சல் நீக்கி காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அரியர் எப்போது வரும் என்று சாரிடம் கேட்டது. ஏப்ரலில் என்றார். வணக்கம் சொல்லிவிட்டுப் போனது.

நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். தூரத்திலேயே கேட்டது. அப்பா படியைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் கூடவே ஹார்னும் கிளாஸ் சத்தமும் வேர்க்கடலைக் கூவலும் வந்தன. வேர்க்கடலைக்காரர் தன் பங்குக்குக் கூவாமல் அப்பா பக்கத்திலேயே கூடையை வைத்து உட்கார்ந்துவிட்டார். பஸ் நிறைந்துகொண்டிருந்தது. அப்பா என்னைப் பார்த்துவிட்டார்.

"கழுகுமலை, சங்கரன்கோவில், செண்பகவல்லி!"

கையில் சாக்குப் பையோடு ஓர் அம்மாள் ஓடி வந்து, "செண்பகவல்லி போவுமாய்யா?" என்று கேட்டார்.

"போகும், ஏறுங்க" என்றார் அப்பா. எனக்கும் கைகாட்டினார்.

நானும் ஏறிக்கொண்டேன். கண்டக்டர் எனக்கும் அந்த அம்மாளுக்கும் செண்பகவல்லிக்கு டிக்கெட் கிழித்தார். அந்த அம்மாள் ஜன்னலோரம் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். மகள் வீடு அங்கேதான் இருக்கிறதாம், கட்டிக்கொடுத்த பிறகு இப்போதுதான் முதல்முறையாகப் போகிறாராம், எங்கே இறங்க வேண்டும் என்று தெரியாதாம். நான் சொல்வதாகச் சொன்னேன். கழுகுமலையில் பாதிப் பேர் இறங்கினார்கள். சங்கரன்கோவிலில் எங்கள் இருவரைத் தவிர மீதிப் பேர் இறங்கினார்கள். பஸ் அதையும் தாண்டி நிற்காமல் போயிற்று. அந்த அம்மாள் சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று, "ஊரு வந்துட்டாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் போகணும், உக்காருங்க" என்றேன்.