இல்போவின் தட்டு ஏரிக்குள் விழாது

நடுக்கோடை விடுமுறைக்கு அக்காவின் ஏரிக்குடிலுக்கு வந்திருந்த துய்ரேவுக்கு, கொஞ்சம் மீன் சூப்பும் நிறையத் தூக்கமும் போதுமென்றிருந்தது. வாரம் முழுக்க மரலாரி ஓட்டுகிறவள். அத்தான் இல்போ விட்டால்தானே.

"ஏரிக்கரைக் காட்டுல தட்டு வீசாம இதென்ன விடுமுறை? கிளம்பு கிளம்பு!"

மரங்களுக்கு நடுவே கனமான பிளாஸ்டிக் தட்டை வீசி, தூரத்தில் கம்பத்தில் தொங்கும் சங்கிலிக் கூடைக்குள் விழவைக்க வேண்டும். குறைந்த வீச்சில் முடித்தவர் ஜெயித்தவர். அவ்வளவுதான் விளையாட்டு. இதற்காக இல்போ இருபத்துநாலு தட்டுகளைச் சக்கரவண்டியில் அடுக்கி, கைக்குழந்தையை வைத்துத் தள்ளுவதுபோல் பதமாகத் தள்ளிக்கொண்டு வந்தார். துய்ரேவிடம் இருந்தது டயர்க் கடையில் இலவசமாகக் கொடுத்த ஒற்றை மஞ்சள் தட்டு. அக்கா மார்கெத்தா ஆடவில்லை. காபி ஃபிளாஸ்க்கோடு பின்னால் நடந்தாள். புருஷனின் தேனீ வளர்ப்புக்கும், பிறகு வந்த துடுப்புப் படகுக்கும் இப்படித்தான் பின்னால் நடந்தாள்.

"தோளைத் திருப்பு. இடுப்பு முன்னால போகணும். கண்ணு கூடை மேல," என்றார் இல்போ.

"மூணையும் ஒண்ணாவா அத்தான்? லாரியப் பின்னால எடுக்கறப்பகூட எனக்கு இவ்வளவு வேலை இல்ல."

அவள் வீசியது பைன் மரத்தில் மோதித் தெறித்து, கூடைக்குப் பக்கத்திலேயே விழுந்தது.

"அதிர்ஷ்டம்," என்றார். அவர் வீசியதும் மரத்தில் மோதியது. மோதி அவர் காலடிக்கே திரும்பி வந்தது. "காத்து," என்றார். காட்டில் ஓர் இலைகூட அசையவில்லை.

ஆறாவது கூடைக்கு ஏரியின் மூலையைத் தாண்டி வீச வேண்டும்.

"புதுசா வர்றவங்க இங்கதான் தட்டத் தொலைப்பாங்க. நாலு வருஷமா ஆடறேன், ஒண்ணுகூட நான் தண்ணியில விட்டதில்ல," என்று சொல்லி, ஆரஞ்சு நிறத் தட்டை எடுத்து, கண்மூடி மூச்சிழுத்து வீசினார். தட்டு அழகாகப் போய் ஏரிக்குள் இறங்கியது. பக்கத்திலிருந்த வாத்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

"காத்தா அத்தான்?"

இல்போ வாத்தை முறைத்தார். துய்ரே பாவம் பார்த்து, காலணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கித் துழாவினாள். பச்சைத் தட்டு ஒன்று கையில் வந்தது. கண்டெடுத்தவர் திருப்பித் தரட்டும் என்று எல்லோரும் தட்டின் அடியில் பெயரெழுதி வைப்பது வழக்கம்.

"இல்போ," என்று வாசித்தாள். அடுத்து ஒரு நீலம். "இதுவும் இல்போ." அடுத்தது வெள்ளை. "அப்பாடா, இது வேற யாரோ." அதற்கடுத்தது சிவப்பு.

மார்கெத்தா ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். "அந்தச் சிவப்ப இப்பிடிக் குடு."

அவள் கையெழுத்துதான். அவருடைய பிறந்தநாளுக்கு வாங்கி, அவளே பெயரெழுதிக் கொடுத்தது.

"கௌக்கோ இரவல் வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தரலன்னீங்க. பக்கத்து வீட்டு மனுஷன், ரெண்டு வருஷமா அவரைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறேனே நான்!"

"அவன்... இங்க வந்து ஆடியிருப்பான்."

"இப்ப ஆரஞ்ச வீசினதும் அவர்தானா?" என்றாள் தண்ணீருக்குள்ளிருந்து துய்ரே.

மார்கெத்தா அங்கேயே கைபேசியை எடுத்தாள். "கௌக்கோ, சாயங்காலம் எங்க சவுனாவுல நீராவிக் குளியலுக்கு வாங்க. இருங்க, இவர் உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்." கைபேசி இல்போவின் கைக்குப் போனது.

தட்டு, இரவல், மன்னிப்பு என்று இல்போ விழுங்கி விழுங்கிச் சொல்லி முடித்தார்.  கௌக்கோவின் குரல் தண்ணீரில் நின்ற துய்ரேவுக்கும் கேட்டது. "என்ன தட்டு? எனக்கு முதுகுவலிப்பா. நான் அந்த ஆட்டமே ஆடினதில்ல. உங்க வீட்டம்மாவுக்கு என்ன கோபமோன்னு ரெண்டு வருஷமா மண்டையப் பிச்சுக்கிட்டிருந்தேன்."

கொசுக்கள் இல்போவின் கழுத்தில் கூடிவிட்டன. அடிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மார்கெத்தா சிவப்புத் தட்டைப் பாவாடையில் துடைத்து, நேரே ஏழாவது கூடைக்கு வீசும் திட்டில் போய் நின்றாள்.

"தோளக் கொஞ்சம்..." என்று தொடங்கினார் இல்போ. அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் வாக்கியம் அங்கேயே நின்றது.

வாழ்க்கையில் முதல்முறையாக வீசினாள். தட்டு கோணலாகப் போய்ப் புதருக்குள் விழுந்தது.

"எடுத்துட்டு வாங்க," என்றாள்.

இல்போ புதருக்குள் இறங்கினார்.