பொம்மைக்குக் கட்டிய பெல்ட்

ஏகாம்பரம் திங்கட்கிழமை நாலாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தான். புதன்கிழமை ஆகியும் தரைக்கு வந்து சேரவில்லை. மெதுவாகத்தான் விழுந்துகொண்டிருந்தான். அதற்காக யாரும் வேலையை நிறுத்தவில்லை.

அவன் பெண்டாட்டி மரகதம் அதே கட்டடத்தில் சித்தாள். அவன் கடக்கிற ஜன்னலோரம் நின்று, இரண்டு வாய் சோறு ஊட்டிவிட்டுக் கலவைச் சட்டியோடு போவாள். நேற்று மூன்றாவது மாடியில் ஊட்டினாள். இன்று இரண்டாவது மாடி. கீழே தரையில் தூண் கம்பிகள் நட்டுக்கொண்டு நின்றன. பாவம், அவள் மேஸ்திரியிடம் ஓடினாள்.

"வலை கட்டுங்க மேஸ்திரி," என்றாள்.

மேஸ்திரி தணிகாசலம் வெற்றிலையைத் துப்பினார். "தெருப்பக்கம் கட்டியிருக்கே. பக்கத்து வூட்டுக்காரங்க துணி மேல தூசி வுழுதாம்."

"அத அவுத்து இங்க கட்டுங்க."

"இப்ப கட்டினா, அவன் வுழுந்தப்ப வலை இல்லன்னு ஆயிடுமே. யாரு பதில் சொல்றது?"

எப்படி இருக்கிறது நியாயம், பாருங்கள்!

அந்தக் கட்டடத்துக்கு இருந்ததே ஒரு பாதுகாப்பு பெல்ட், ஒரு ஹெல்மெட். இரண்டும் நாலாவது மாடி விளிம்பில் நின்ற திருஷ்டி பொம்மையிடம் இருந்தன. வைக்கோல் பொம்மை. சட்டை, லுங்கி, முறுக்கு மீசை. காற்றில் அது விழுந்துவிட்டால் கட்டடத்துக்கே ஆகாது என்று, ஏகாம்பரம்தான் தன் இடுப்பிலிருந்து பெல்ட்டை அவிழ்த்து அதற்குக் கட்டினான். பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு சாரத்தில் கால் வைத்தான். இந்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது?

மரகதம் சட்டியை இறக்கிவைத்துவிட்டு மாடி ஏறினாள். கைப்பிடி இல்லாத படிகள். ஏற ஏறப் புதுப் படிகள் வந்துகொண்டிருந்தன. ஈரம் காயாத சிமெண்டில் செருப்புத் தடங்கள் பதிந்திருந்தன. எல்லாத் தடங்களும் விளிம்பைப் பார்த்தே போயின. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை. யாருடையவை என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

பொம்மையின் பெல்ட்டை அவிழ்த்தாள்.

"நான் போலாமா?" என்றது பொம்மை.

"போ."

ஹெல்மெட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கிப் போனது. வாசலில் யாரிடமோ நெருப்பு கேட்டு பீடி பற்றவைத்தது. வைக்கோலுக்கு அவ்வளவு தைரியம்.

அவள் இறங்கி வருவதற்குள் ஏகாம்பரம் முதல் மாடி ஜன்னலுக்கு வந்துவிட்டான். எட்டி அவன் இடுப்பில் பெல்ட்டைச் சுற்றினாள். அதன் கொக்கியை ஜன்னல் கம்பியில் மாட்டினாள். விழுவது நின்றது. மரகதம் ஓவென்று அழுதாள். அழுகையோடு சிரிக்கவும் செய்தாள்.

மேஸ்திரி ஓடிவந்தார். அவர் பார்த்தது மேலே. "பொம்ம எங்க?"

"போயிடுச்சு."

"பொம்ம இல்லாத கட்டடத்துல எவன் கால வெப்பான்? பெல்ட்டு எவன் இடுப்புல இருக்கோ அவன்தான் பொம்ம. தூக்குங்கடா!"

கப்பியில் கயிறு போட்டு ஏகாம்பரத்தை நாலாவது மாடிக்குத் தூக்கினார்கள். விளிம்பில் நிறுத்தி, ஹெல்மெட் வைத்து, கரியால் மீசை வரைந்தார்கள். கீழே பூசணிக்காய் உடைத்தார்கள்.

"அவன் பூசுன செவுரு பாதியில நிக்குது," என்றார் மேஸ்திரி. "மரகதம், நீ ஏறு."

சித்தாள்கள் சாரத்தில் ஏறுவதில்லை. அன்றைக்கு யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. மரகதம் நாலாவது மாடிக்கு ஏறினாள். சாரப் பலகைக்கு முன்னால் நின்றாள். பலகை ஆடியது. புருஷன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான்.

"மாமா," என்றாள். "அந்த பெல்ட்டு."

அவன் கை இடுப்புக்குப் போனது. அவள் காத்திருந்தாள். அவன் பெல்ட்டை இன்னும் ஒரு துளை இறுக்கிக்கொண்டான்.

"வுழறப்ப ரொம்ப பயமா இருந்துச்சு, மரகதம்."

"சரி," என்றாள் அவள். பலகையில் கால் வைத்தாள்.