நுரை அடங்கும் நேரம்

கின்னஸ் என்கிற கறுப்பு பீரை ஒரே மூச்சில் ஊற்றிவிட முடியாது. கிளாஸைச் சாய்த்துப் பிடித்து முக்கால்வாசி நிரப்பி, அப்படியே மேசைமேல் வைத்துவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். நுரை மேலேறி அடங்கிய பிறகுதான் மீதியை ஊற்றலாம். எல்லாமாகச் சேர்த்துக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். குடிக்க வந்தவனுக்கு அது இரண்டு யுகம். அந்த இரண்டு நிமிடத்தைக் கதை சொல்லி நிரப்புவதில்தான் பிரைட்டின் பிழைப்பு ஓடியது.

துபாயில் ஒரு ஹோட்டலின் ஐரிஷ் பாரில் அவருக்குப் பதினோரு வருட சர்வீஸ். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு சொட்டு தொடமாட்டார். ஆனால் டப்ளினில் இருக்கும் அந்த பீர் ஆலையின் சரித்திரத்தை அவர் சொல்லிக் கேட்க வேண்டும், வெள்ளைக்காரனே வாயைப் பிளப்பான். 1759-ல் ஆர்தர் கின்னஸ் என்பவர் சும்மா கிடந்த ஓர் ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார். எத்தனை வருடத்துக்கு? ஒன்பதாயிரம் வருடத்துக்கு. வருட வாடகை நாற்பத்தைந்து பவுண்டு. இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். பிரைட்டும் சிரிப்பார். அவருடைய விசா இரண்டு வருடத்துக்கு.

பிரைட்டுக்குப் பிடித்தது குத்தகைக் கதை அல்ல, டாக்டர் கதை. சுமார் நூற்றிருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் டப்ளினில் காசநோய் ஆட்களை வாரிக்கொண்டு போன சமயம், ஆலையின் சொந்த டாக்டர் தொழிலாளிகளின் வீடு வீடாக ஏறி இறங்கினாராம். இரண்டு மாதத்தில் ஆயிரத்து எழுநூறு வீடுகளுக்கு மேல். ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுக்க முடங்கிக் கிடந்த வீடுகள். "கதவைத் தட்டி அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?" என்று பிரைட் குரலைத் தாழ்த்துவார். "இந்த வீட்டில் யார் இருமுகிறீர்கள்?" அந்தக் கேள்வி எந்தப் புத்தகத்திலும் இல்லை, பிரைட் தானாகச் சேர்த்தது. கதை சொல்கிறவனுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி!

டிசம்பரில் பிரைட்டுக்கே இருமல் பிடித்தது. முதலில் ஏசி தூசி என்றார். ஜனவரியில் சாயங்காலக் காய்ச்சல் சேர்ந்தது. பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டி வந்தது. கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு இரண்டு நிமிடம் இருமாமல் கதை சொல்லப் பழகிக்கொண்டார். மீதி ஊற்றிக் கொடுத்ததும் பீப்பாய்கள் இருக்கும் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நெஞ்சு கிழிய இருமுவார். ஒரு நாள் கைகழுவும் தொட்டியில் சிவப்பாக விழுந்தது. பிரைட் குழாயைத் திறந்துவிட்டார், அது போய்விட்டது.

அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் துபாயின் தேரா பகுதியில் ஆறு பேர் படுக்கும் அறையில் கூட இருந்த ஜெய்னுலாப்தீன் பாய் வருடக்கணக்காகச் சொல்லிவந்த வேதவாக்கு ஒன்று உண்டு. "நுரையீரல்ல ஒரு கோடு தெரிஞ்சாப் போதும், கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. ஏத்தி அனுப்பிருவான். ஆயுசுக்கும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க முடியாது." பிரைட்டின் விசா ஜூலையில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கும்போதுதான் மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். அதுவரை டாக்டர் இருக்கும் திசைக்கே போகக் கூடாது என்று முடிவு செய்தார். அதற்குள் குணமாகிவிட்டால் வேளாங்கண்ணிக்கு வருவதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டார். ஊரில் மனைவி சுபிஷா போனில் கேட்டபோதும் தூசி என்றுதான் சொன்னார்.

அந்த ஜனவரியில்தான் ஐயப்பன் வந்தான். சிவகங்கைப் பக்கம், வெல்டர், விசிட் விசா. ஊரில் மனைவி அகிலாவும் ஆறு மாதக் குழந்தையும். அறையில் பிரைட்டின் கட்டிலுக்கு மேல்கட்டில்தான் காலியாக இருந்தது. பிரைட்டுக்கு அவனை வந்த அன்றே பிடித்துப்போயிற்று. தன் மீன்குழம்பில் பாதியைக் கொடுத்தார், இன்டர்வியூவுக்குப் போகத் தன் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தார். ஐயப்பனும் சும்மா வாங்கிக்கொள்கிறவன் இல்லை. பிரைட் இருமினால் மேலிருந்து இறங்கி வந்து முதுகில் விக்ஸ் தேய்ப்பான், முகத்துக்கு நேரே உட்கார்ந்து சுடுதண்ணீர் ஊட்டுவான்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்ணே. நானும் கூட வாரேன்."

"ஒண்ணுமில்ல மக்கா. சளிதான். நீ கெடந்து ஒறங்கு."

ஜன்னலை ஏசி அடைத்திருந்தது. ஆறு பேரும் ஒரே காற்றைத்தான் மாற்றி மாற்றி மூச்சுவிட்டார்கள்.

விசிட் விசாவை நீட்டி நீட்டிக் கடைசியில் மே மாதம் அபுதாபி பக்கம் முசஃபாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஐயப்பனுக்கு வேலை கிடைத்தது. அறைக்கே பிரியாணி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். புது விசாவுக்கு மெடிக்கல் எடுத்தார்கள். மறுபடி படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அப்புறம் பரிசோதிக்கச் சளி கேட்டார்கள். அவன் அங்கிருந்து பிரைட்டுக்குத்தான் போன் செய்தான்.

"எனக்கு டிபியாம்ணே. ஒரு நாளாச்சும் இருமியிருப்பனா? ஊருக்கு அனுப்பப் போறாங்களாம். இனிமே இங்க வரவே முடியாதாம்."

"ஆண்டவரு பாத்துக்கிடுவாரு மக்கா," என்றார் பிரைட். மனதில் முதலில் எழுந்தது இரக்கம் அல்ல, பயம்: அறையில் வந்து தேடுவார்களோ என்ற பயம். ஒருவரும் வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

ஜூலையில் அவருடைய முறை வந்தது. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் எக்ஸ்ரே எடுக்கப் போனார். நினைத்தபடியே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். எதிரில் இருந்த நர்ஸ் ஷாஜினியும் அவர் மாவட்டக்காரிதான். அவர் இரண்டு வார்த்தை பேசியதுமே ஊரைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"எத்தன நாளா இருமுது அண்ணாச்சி?"

"ஏழு மாசம். நான் எப்பம் போவணும்?"

"எங்க போவணும்?"

"ஊருக்கு."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "ஆரு சொன்னா? புதுசா வாறவங்களத்தான் அனுப்புவாவ. விசா புதுக்குறவங்களுக்கு இங்கயே மருந்து குடுப்பாவ, ஒரு வருச விசாவும் உண்டு. சட்டம் மாறி எத்தனையோ வருசமாச்சே. டிசம்பர்லயே வந்திருந்தா இம்புட்டு முத்தியிருக்காது. கூட இருக்கவங்களுக்கும் பரவியிருக்காது."

அவள் ஒரு தாளை எடுத்தாள். "ரூம்ல கூட ஆரெல்லாம் ஒறங்குனாவ? பேரு சொல்லுங்க."

டாக்டர் கதையில் வரும் கதவு இப்போது அவருக்கே தட்டப்பட்டுவிட்டது. ஐயப்பனின் கட்டிலுக்குப் புதிதாக வந்தவன் உட்பட, பிரைட் இப்போது அறையில் இருக்கும் ஐந்து பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"வேற ஆரும்?"

"இல்ல," என்றார்.

இரண்டு வாரம் ஆஸ்பத்திரி, இரண்டு மாதம் அறையில் ஓய்வு. மருந்து கேட்டது. உடம்பு தேறியது, பெல்ட் பழைய ஓட்டைக்கே வந்தது. அக்டோபரில் பாரில் மறுபடி நின்றார். குத்தகைக் கதையை மட்டும் சொன்னார். டாக்டர் கதையை விட்டுவிட்டார். ஒன்பதாயிரம் வருடத்தை நன்றாக இழுத்துச் சொன்னால் இரண்டு நிமிடம் ஓடிவிடும்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பாரில் ஒரே ஒரு ஆள். பிரைட் முக்கால் கிளாஸ் ஊற்றி வைத்தார். போன் அடித்தது. ஐயப்பன். நான்கு மாதமாக அவனும் கூப்பிடவில்லை, இவரும் கூப்பிடவில்லை. வாடிக்கையாளரிடம் கை காட்டிவிட்டு ஓரமாகத் திரும்பி நின்றார்.

"எப்பிடி மக்கா இருக்க?"

"மாத்திரை சாப்புடுறேண்ணே. அகிலா புள்ளையத் தூக்கிட்டு அவுக அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நோய மறைச்சுக் கல்யாணம் பண்ணிட்டேன்னு மாமனாரு பஞ்சாயத்து வச்சாரு. இல்லைன்னு சொல்ல எனக்கு யாருண்ணே சாட்சி? எனக்கே இப்ப அப்பிடித்தான் தோணுது. உள்ளுக்குள்ளயே இருந்திருக்கும் போல."

கிளாஸுக்குள் நுரை மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"அதுக்குக் கூப்புடலண்ணே. ஜெய்னு பாய்கிட்ட நேத்துப் பேசுனேன். ஒங்களுக்கும் அதேதான் வந்து ஆஸ்பத்திரில கெடந்தீங்களாமே. எனக்கு எடங்குடுத்து, சோறு போட்டீங்க. அதுக்கு இதத்தான் ஒட்டவச்சிட்டு வந்திருக்கேன். மன்னிச்சிருங்கண்ணே. ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க, மன்னிச்சிட்டேன்னு."

சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. 'எங்கிட்ட இருந்துதாம்லே ஒனக்கு வந்துது.' அதை அவன் மாமனாரிடமும் சொன்னால் ஒரு குடும்பம் தலைநிமிரும். பிரைட்டுக்கு அது நன்றாகத் தெரியும். இனி விசாவுக்கும் பயமில்லை, வேலைக்கும் பயமில்லை. யோசிக்க நேரமும் இருந்தது. நுரை மெள்ள மெள்ள அடங்கி, கறுப்புக்கு மேலே வெள்ளையாக ஒரு கோடு நின்றது. வாடிக்கையாளர் விரலால் மேசையைத் தட்டினார்.

"போட்டும் மக்கா," என்றார் பிரைட். "நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கிடல. மன்னிச்சாச்சு. மாத்திரைய மட்டும் விட்டுராத, கேட்டியா."

"ஒங்க மனசு யாருக்குண்ணே வரும்," என்று ஐயப்பன் அழுதான்.

பிரைட் போனை வைத்துவிட்டு மீதியை ஊற்றி நிரப்பினார்.