செட்டு மாத்திரை

உடையப்பன் பட்டறையில் வெல்டிங் ஹோல்டர் பிடிக்கும் ஒரே பெண் நான். நத்தம் ரோட்டில் பதினொரு வருஷமாக எழும்பிய வீடுகளில் பாதிக்கு என் கை பட்ட ஜன்னல் கம்பிதான். அந்த ஹோல்டரை ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்.

ஒரு இரும்புக் கேட்டுக்குச் சட்டம் ஒட்டிக்கொண்டிருந்தபோது கிறுகிறுவென்று வந்தது. விழாமலிருக்க எதையோ பிடிக்கக் கையை நீட்டினேன். ஓடிக்கொண்டிருந்த கிரைண்டருக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது கை. உடையப்பன் ஓடிவந்து மெயினை அணைத்தார்.

“லூர்தம்மா, இனி பெயிண்ட் மட்டும் அடி. அம்புட்டு வெளிச்சத்தப் பாத்தா தலை வலிக்காம என்ன செய்யும்?”

“முப்பது வருஷமா நீங்க பாக்காத வெளிச்சமா மொதலாளி? ஒங்களுக்கு வலிக்குதா?”

“வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. மூணு மாசம் தாரேன். தலைசுத்து நின்னா ஹோல்டர், நிக்கலைன்னா பிரஷ்ஷு.”

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். ரெண்டு வருஷமாக வலது நெற்றிப்பொட்டில் யாரோ சுத்தியலால் அடிக்கிற வலி எனக்கு. வந்தால் டியூப்லைட் ஆகாது, ஃப்ரிட்ஜைத் திறந்தால் வருகிற வெளிச்சம்கூட ஆகாது. வாந்தி வரும், தரை ஆடும். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுச் சமைப்பேன். பக்கத்து வீட்டுப் பொன்னழகு, “என்னக்கா, ரசத்துக்குத் தெரியாம வேவு பாக்குறியா?” என்பாள்.

என் வீட்டுக்காரர் மரியசெல்வம் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறார். தங்கமான மனுஷன். சிறு காகிதத்தில் மூன்று மாத்திரைகளை மடித்துத் தினமும் கொண்டுவருவார். வெள்ளை, மஞ்சள், குட்டி ரோஸ். எங்கள் பக்கம் இதற்கு ‘செட்டு’ என்று பெயர். காலையில் பட்டினி வயிற்றில், வெறும் கட்டங்காப்பியோடு, வலி வருவதற்கு முன்னாடியே போட்டுக்கொண்டு பட்டறைக்கு ஓடுவேன். முந்திக்கொண்டால் வராதாம். என் புத்திசாலித்தனம் அது.

ஹோல்டர் போன அந்த வாரமே மரியசெல்வத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மெஹராஜ் என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், பிரஷர் பார்த்தார். அப்புறம் கேட்டார்: “வலிக்கு என்ன மாத்திரை போடுறீங்க?”

“செட்டு.”

“பேரு?”

நான் மரியசெல்வத்தைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார்.

டாக்டர் திட்டவில்லை. ரெண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். வலி எப்போது வந்தது, என்ன சாப்பிட்டேன், செட்டு போட்டேனா. வெல்டிங்தான் காரணமா என்று பார்க்க, அன்று என்ன வேலை செய்தேன் என்பதையும் நானே சேர்த்துக்கொண்டேன். ஒருநாள்கூட விடாமல் எழுதினேன், பொய்யில்லாமல்.

பதினாலு நாளும் பிரஷ்தான் பிடித்தேன், ஹோல்டரைத் தொடவில்லை. ஆனாலும் பதினோரு நாள் வலி. செட்டு மட்டும் பதிமூன்று.

“ஒங்களுக்கு இருக்குறது மைக்ரேன், ஒத்தத் தலைவலி. தலைசுத்தும் வெளிச்சம் ஆகாததும் அதோட சேர்ந்ததுதான்,” என்றார் டாக்டர். “எப்பவாவது வந்த வலியத் தினமும் வர வச்சது இந்தச் செட்டு. பட்டினி வேற. செட்ட இன்னைக்கே நிறுத்துங்க. ராத்திரிக்கு வலியத் தடுக்குற மாத்திரை ஒண்ணு எழுதுறேன். வீட்டுக்குள்ள கறுப்புக் கண்ணாடி வேண்டாம், அதப் போடப் போட கண்ணு இன்னும் அதிகமாத்தான் கூசும். மொதல்ல கொஞ்ச நாள் வலி கூடும். தாங்குவீங்களா?”

“தீப்பொறி பட்ட கையோடயே வேல பாக்குறவ நான். தாங்குவேன்.”

சொல்லிவிட்டேனே தவிர, நாலாம் நாள் சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது. நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தேன். மரியசெல்வம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் மடித்த காகிதம்.

“இன்னைக்கி ஒரு நாளைக்கி மட்டும் போட்டுக்க லூர்து. பாக்க முடியல.”

எனக்கு வந்த கோபத்தில் வலியே மறந்துபோனது. காகிதத்தைப் பிடுங்கிக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். திரும்பினால் அவர் அழுதுகொண்டிருந்தார்.

“ஏங் கையாலதான மடிச்சு மடிச்சுக் குடுத்தேன்.”

பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. “அழுகாதீங்க. காலையில நாலு இட்லி அவிச்சு வைங்க. அதுதேன் இப்ப எனக்கு மருந்து.”

அவித்தார். கல்லு மாதிரி இருந்தது, தின்றேன். மூன்றாவது வாரம் வலி இறங்கியது. ரெண்டாம் மாசம் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். உடையப்பன் கொடுத்த கெடுவின் கடைசி மாசம் ஒரே ஒரு நாள்தான் வலி. தலைசுத்து இல்லவே இல்லை.

வெல்டிங் செய்யலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டையும் நோட்டையும் உடையப்பன் முன்னால் போட்டேன். ரெண்டையும் வாசித்துவிட்டு அவர் உள்ளே போய், பொறி கிளம்பியதும் தானாகக் கறுக்கிற புது ஹெல்மெட் ஒன்றைக் கொண்டுவந்தார். “இதப் போட்டுக்கிட்டுப் பிடி,” என்றார். பாதியில் கிடந்த அந்தக் கேட்டை அன்று சாயங்காலத்துக்குள் முடித்தேன்.

அதைச் சொல்ல நேரே மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒருத்தி பொட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “தலைவலிக்கு ஒரு செட்டு குடுங்கண்ணே.”

மரியசெல்வம் காகிதத்தை எடுக்கவில்லை. “மாசத்துல எத்தன நாளு வருதும்மா? டாக்டர்ட்ட காட்டுனியா?”

கல்லாவிலிருந்து கடை முதலாளி முறைத்தார். இவர் கை அசையவில்லை. நாளைக்கே இவரை வேலையை விட்டு நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். நிறுத்தட்டும், என்னிடம் ஹோல்டர் இருக்கிறது.