இளவேனிலின் மன்றாட்டு

இளவேனிலுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை லூர்தம்மாளுக்குக் காட்டிக்கொடுத்தவை ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்கள். மூன்றாம் வகுப்புப் பாடநூலை விரித்து வைத்துக்கொண்டு மகள் கணீரென்று வாசித்தாள். தாள்கள் ஒட்டியிருந்தமையால் கண்ணெதிரே இருந்தது வேறொரு பாடம். வாயில் வந்ததோ முந்தைய பாடம், ஓரெழுத்தும் பிசகாமல்.

"இங்க என்ன போட்டிருக்கு? சொல்லு."

இளவேனில் தலைகுனிந்தாள். "எழுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குதும்மா. எது எதுன்னு பிடிபட மாட்டேங்குது."

மறுவாரமே செவ்வந்தித் தோட்ட வேலையை விட்டுவிட்டு லூர்தம்மாள் மகளோடு திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினாள். இத்தகைய பிள்ளைகளுக்கென்றே அங்கு வகுப்பு நடத்தி வந்த கமர்ஜஹான் டீச்சர் நெடுநேரம் சோதித்தார்.

"அறிவுல ஒரு குறையும் இல்லம்மா. இதுக்கு டிஸ்லெக்சியான்னு பேரு. இவளுக்குச் சொல்லிக்குடுக்கிற வழி வேற. நாளாகும், அம்புட்டுதான்."

"ஆகட்டும் டீச்சர்."

அன்றுமுதல் வீட்டில் டீச்சர் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு ஒருநாளும் மாறவில்லை. தாம்பாளத்தில் கேழ்வரகைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத்தை எழுத வேண்டும். பிறகு பழைய கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய சிறு சன்னலை வரியின்மேல் நகர்த்தி, ஒவ்வொரு சொல்லாக வாசிக்க வேண்டும். காய்ச்சல் வந்தாலும் விருந்தாளி வந்தாலும் தாம்பாளம் இறங்கியது.

ஒரே ஓர் இடைஞ்சல். சொல் தடுக்கியதும் இளவேனில் நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்ப்பாள், லூர்தம்மாளின் உதடுகள் தாமே அசையும், மகள் பிடித்துக்கொள்வாள்.

"பிள்ளை புத்தகத்தைப் படிக்கல, உங்க உதட்டைப் படிக்குது" என்று டீச்சர் கடிந்துகொண்டார்.

இப்படியே ஒன்றரை ஆண்டு போனபின், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைத் திருநாள் வந்தது. அன்று நன்மை வாங்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒலிவாங்கியின்முன் ஒரு மன்றாட்டை வாசிப்பது ஊர்க் கோயிலின் வழக்கம். இளவேனிலுக்குரிய தாளை, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சூசை தாயிடமே கொடுத்தார்.

"மனப்பாடம் பண்ண வச்சிரு லூர்து. ஊரே கூடியிருக்கும். நடுவுல நின்னுட்டான்னா பிள்ளைக்குத்தான் அவமானம்."

வீட்டுக்கு வந்து லூர்தம்மாள் தாளைக் காட்டினாள். "மனப்பாடமா சொல்றியா, வாசிக்கிறியா?"

"மனப்பாடமா சொன்னா எங்க வகுப்பு ஆரோக்கியம் பய 'டேப்ரிக்கார்டர்'னு கத்துவான். நான் வாசிக்கிறேன்."

பார்த்துப் பார்த்து மனப்பாடமாகிவிடக் கூடாதென்று லூர்தம்மாள் தாளை முந்தானையில் முடிந்துகொண்டாள். திருநாள் காலையில்தான் அது மகளின் கைக்குப் போயிற்று.

வெள்ளைக் கவுனும் தலையில் பூமுடியுமாக இளவேனில் ஒலிவாங்கியின்முன் ஏறி நின்றாள். தாளின்மேல் சன்னல் அட்டையை வைத்தாள்.

"ஆண்டவரே... வறண்டு கிடக்கும்... எங்கள்..."

நின்றுவிட்டாள். கோயில் முழுவதும் மின்விசிறிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"டேப்பு சிக்கிருச்சுடோய்!" என்று பிள்ளைகளின் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

இளவேனில் நிமிர்ந்து, பெண்கள் பக்கத்தில் தாயைத் தேடிக் கண்டுபிடித்தாள். 'கிணறுகளில்' என்ற சொல் லூர்தம்மாளின் நாவின் நுனிவரை வந்துவிட்டது. உதடு திறந்தால் போதும், மகள் தப்பித்துவிடுவாள். லூர்தம்மாள் முக்காட்டை இழுத்து வாயை இறுக மூடிக்கொண்டு தலையைக் கவிழ்த்தாள்.

உபதேசியார் எட்டி வந்து சொல்லெடுத்துக் கொடுக்கப் போனார்.

"இருங்க உபதேசியாரே, நானே வாசிக்கிறேன்!"

ஒலிபெருக்கி அதைப் பஸ் நிறுத்தம்வரை கொண்டுபோயிற்று. கோயிலே சிரித்தது. லூர்தம்மாள் மட்டும் சிரிக்கவில்லை, நிமிரவுமில்லை.

தாளில் அட்டை உரசும் ஓசை கேட்டது.

"கி... ண... கிணறு... கிணறுகளில்... நீர் சுர... சுரக்க வேண்டுமென்று... உம்மை மன்றாடுகிறோம்."

'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று மக்கள் பதிலுரைத்தார்கள். அதன் பிறகே லூர்தம்மாள் முக்காட்டைத் தளர்த்தினாள். துணியில் பல் பதிந்திருந்தது.

பூசை முடிந்ததும் இளவேனில் முற்றத்தில் ஓடிவந்தாள்.

"ஏம்மா மூஞ்சிய மூடிக்கிட்ட? எனக்குப் பக்குனு ஆயிருச்சு."

"என் உதட்டை நான் நம்பல."

மகள் சற்று முறைத்துவிட்டுத் தாளை நீட்டினாள். "பத்திரமா முடிஞ்சு வை. சுரக்கங்கிற இடத்துல தடுக்கிருச்சு. வீட்டுல போயி இன்னொருவாட்டி வாசிக்கணும்."

"சாப்பிட்டுட்டு வாசிப்பியா?"

"வாசிச்சிட்டு."